கை நனைத்த இடம்

மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டு முனியாயி ஒன்று சொன்னால் சொன்னதுதான். அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து மகள் கோகிலாவைப் பெண் கேட்டு ஆள் விட்டபோது, "அவங்க ஊட்டுச் சோத்துல நான் கை நனைக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பெண் கேட்ட வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறக்கூடாது. கோகிலாவும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு வருடமாக வேறு மாப்பிள்ளை பார்க்க விடவில்லை.

சேலத்தில் வேலை பார்க்கும் அந்தக் கோகிலாதான் இன்று, "மத்தியானம் வெளிய சாப்பிடலாம்மா, வா" என்று அம்மாவைப் பஸ் ஏற வைத்தாள். கூட்டி வந்ததோ ஒரு டீக்கடைக்கு. டீக்கடையில் என்ன சாப்பாடு என்று பார்த்தால், உள்ளே ஏசி, மெத்தை நாற்காலி, டீயிலேயே முப்பது தினுசு. முனியாயிக்கு வந்தது இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் பச்சை இலை. நான் என்ன ஆடா மாடா என்று மனசுக்குள் திட்டினாள். அதற்குள் போன் வந்து, "அஞ்சு நிமிசம்மா" என்று கோகிலா வெளியே போய்விட்டாள்.

"ஏனுங்க, இங்க உக்காரலாங்களா? வேற எடமே இல்லீங்க."

முனியாயி வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. பேர் ருக்குமணியாம். மகன் வரச் சொன்னானாம், ஆளைக் காணோமாம். முனியாயியின் தட்டைப் பார்த்தவள், பையிலிருந்த தூக்குப்போசியைத் திறந்து, சர்வர் அந்தப் பக்கம் திரும்பிய நேரமாய்ப் புளிச்சோறு இரண்டு கரண்டி வைத்தாள். நிலக்கடலை போட்டு, நல்லெண்ணெய் மினுங்குகிற சோறு. முனியாயி ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே அள்ளினாள். அடடா, என்ன ருசி. பதிலுக்குத் தன் பையிலிருந்து ஒரு மலைவாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"மலைங்களா நீங்க?" ருக்குமணி பழத்தைக் கடித்தாள். "எம்பட பையன் முருகானந்தமும் ஒரு மலைப்புள்ளையத்தான் கட்டுவேன்னு ரெண்டு வருசமா நிக்கறானுங்க. அதோட அம்மா, பேளுக்குறிச்சிச் சோத்துல கை நனைக்க மாட்டேன்னுருச்சாம். எனக்குக் கோவமில்லீங்க. புருசனும் இல்லாம ஒத்தப் புள்ளையக் கீழ அனுப்பிட்டு, அந்த அம்மா அப்பறம் யாரோட பேசிட்டு இருக்கும்?"

முனியாயிக்குத் திக்கென்றது. வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகிலா நின்றாள். பக்கத்தில் ஒரு பையன். இரண்டும் உள்ளே வரப் பயந்து முழித்துக்கொண்டிருந்தன. அடிப்பாவி, இதற்குத்தானா என்னை மலையிறக்கினாய்?

எழுந்து போய்விடலாம். தெரியாமல் தின்றது சேர்த்தியில்லை என்று சாதித்துவிடலாம். கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். தான் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாத பயத்தை, முகம் தெரியாத ஒருத்தி பழம் தின்றுகொண்டே சொல்லிவிட்டாளே.

"ஏனுங்க, நிறுத்திட்டீங்க? காரமுங்களா?"

"இல்லீங்க."

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தட்டை முன்னால் தள்ளினாள் முனியாயி.

"இன்னும் கொஞ்சம் வைங்க, சம்பந்தி."

ருக்குமணியின் கரண்டி போசிக்கும் தட்டுக்கும் நடுவே நின்றது. கடித்த பழம் வாயிலேயே இருந்தது.