திட்டு வாங்குகிற ஜன்னல்

அந்த பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவளை எல்லோரும் மூளை என்றுதான் அழைத்தார்கள். பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். "மூளை வருது, பேச்சை மாத்து" என்கிற மாதிரிதான் அது புழங்கியது. வேலை செய்யும் இடத்தில் ஒருவன் பொய் சொல்லலாம், தூங்கலாம், ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எல்லாவற்றையும் நாளடைவில் மறந்துவிடுவார்கள். எப்போது பார்த்தாலும் சரியாகவே சொல்லிக்கொண்டிருப்பவளை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

அவள் வருவதற்கு முன் அந்த ஊர் பஸ்கள் யானைக் கூட்டம் மாதிரி நடமாடின. வந்தால் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மொத்தமாக வரும். போனால் அப்புறம் சாணியைக்கூடப் பார்க்க முடியாது. மூளை சேர்ந்ததும் ஒரு வாரம் எல்லா பஸ்ஸிலும் ஏறி இறங்கினாள். எந்த சிக்னலில் எந்த டிரைவருக்குக் கொட்டாவி வரும், எந்தக் கண்டக்டர் சில்லறைக்காக எவ்வளவு நேரம் சண்டை பிடிப்பார், எந்த நிறுத்தத்தில் எந்தப் பெரியவர் குடையை மடக்கிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார் என்பது வரை கணக்கில் சேர்த்து ஓர் அட்டவணை போட்டாள். அன்றிலிருந்து பஸ்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன. மணிக்கூண்டைப் பழுதுபார்க்க வந்த ஆள் பஸ்ஸைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பினான். ஒரு நாள் சூரியன் சற்றுப் பிந்தி உதித்ததாகவும், நிறுத்தத்தில் நின்றவர்கள் பஸ்ஸை அல்ல, சூரியனைத்தான் சந்தேகப்பட்டதாகவும் சொல்வார்கள்.

இதில் நாசமாகப் போனது அவள் புருஷன்.

அவன் அதே கம்பெனியில், கீழ்த்தளத்தில், புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவன். அவனுக்குக் காது என்று பெயர். மேனேஜரிலிருந்து கூட்டுகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். திட்டு வாங்குவது எல்லோருக்கும் வருவதில்லை. சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காது அப்படியில்லை. புருவத்தைக் கொஞ்சம் ஏற்றி, கன்னத்தில் ஒரு கையை வைத்து, "அடடா, அப்புறம்?" என்பான். திட்டுகிறவருக்கு இன்றைக்குத் திட்டு நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு நிறைவு வந்துவிடும். பஸ்ஸே ஏறாதவர்கள்கூட வீட்டில் மருமகளைத் திட்ட முடியாமல் இங்கே வந்து அவனைத் திட்டிவிட்டு, முகம் தெளிந்து போவார்கள். மூளை ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அதைக் கடைசிவரை கேட்ட மனிதன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

பஸ்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் ஜன்னல் காற்று வாங்கியது. காது முதலில் ஈ ஓட்டினான். பிறகு ஈயும் வரவில்லை. சோறு இறங்காமல் இளைத்துப் போனான். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தான்.

"ஏம்மா, என்னைக் கொஞ்சம் திட்டேன்."

"எதுக்குங்க?"

"சும்மாதான். உடம்பெல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கு."

மூளை யோசித்தாள். "காலையில குழாயைச் சரியா மூடாமப் போயிட்டீங்க. அது தப்பு. ஆனா உள்ள வாஷர் தேஞ்சு கிடக்கு, அதனால முழுத் தப்பும் உங்களோடது இல்ல. வாஷரை மாத்தாம விட்டது நான். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா உங்களைத் திட்டறதுக்கு ஒண்ணும் மிஞ்சல."

"இது திட்டா? கோர்ட்டுத் தீர்ப்பு!" என்று அவன் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டான்.

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"வாங்க, உக்காருங்க. வாழ்த்துகள்."

"எதுக்கு சார்?"

"ஒரு புகார்கூட வரல. அதனால மாசக் கடைசியோட புகார் செக்‌ஷனை மூடிடறோம்."

"அந்த செக்‌ஷன்ல இருக்கறதே ஒரு ஆளுதான் சார். என் வீட்டுக்காரர்."

"தெரியும். அதான் நேர்ல கூப்பிட்டு வாழ்த்துச் சொல்றேன்."

மூளை வாதாடினாள். வேறு எந்தெந்தப் பிரிவில் ஆள் குறைகிறது, எங்கே அவனைப் போடலாம், போட்டால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று அடுக்கினாள். ஒன்றிலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. மேனேஜர் முகம் அதற்கு ஏற்றபடி கறுத்துக்கொண்டே வந்தது.

"நீங்க சொல்றது சரிதான். எப்பவும் சரியாத்தான் சொல்றீங்க. அதைத்தான் எங்களால தாங்க முடியல. போன மீட்டிங்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'முடியாது'ன்னீங்க."

"முடியாதுதானே சார்?"

"முடியாதுதான். அதுக்காக ஒரு மேனேஜர் வாயைத் திறக்கவே கூடாதா?"

அதற்கு மேல் பேசிப் பயன் இல்லை. காதுக்கு வேறு வேலை தெரியாது. திட்டு வாங்குவதற்கென்று ஆள் வைத்துச் சம்பளம் தருகிற கம்பெனி இன்னொன்று எங்கே கிடைக்கும்? ஜன்னல் போனால் அவன் நாற்காலியிலேயே காய்ந்து சருகாகிவிடுவான். மூளை படியிறங்கும்போதே ஒரு முடிவுக்கு வந்தாள். புகார் வர வேண்டும் என்றால் தப்பு நடக்க வேண்டும். தப்பை அவள்தான் செய்தாக வேண்டும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதலில் ஆஸ்பத்திரி பஸ்ஸைக் கடைத்தெருவுக்கும் கடைத்தெரு பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கும் மாற்றிவிட்டாள். மருந்து வாங்கப் போனவர்கள் கடைத்தெருவில் இறங்கினார்கள். வந்தது வந்தோம் என்று வளையலும் செருப்பும் பேரம் பேசினார்கள். பேரம் படிந்ததும் பாதிப் பேருக்கு வியாதி போய்விட்டது. செருப்பு வாங்கப் புறப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டிருந்த சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்று மூளை ஆவலோடு கேட்டாள்.

"ஒரு பெரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"அப்பாடா."

"சந்தோஷத்துல. நன்றி நன்றின்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தலைவலியே வந்துடுச்சு."

அடுத்ததாக ஒரு காலை பஸ்ஸை அடியோடு நிறுத்திப் பார்த்தாள். காத்திருந்த ஜனங்கள் பொழுது போகாமல் பேச்சுக் கொடுத்தார்கள். பேச்சு வளர்ந்து, அந்த நிறுத்தத்திலேயே ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் சம்பந்தம் முடிவாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் ஜன்னலுக்கு வந்து காதுக்கு முதல் பத்திரிகை வைத்தார்கள். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டான்.

"ஒண்ணு கேக்கறேன். தப்பு பண்றதுக்கு முன்னாடி யோசிச்சியா?"

"யோசிக்காம எப்படிங்க? யாரும் விழுந்து அடிபட்டுடக் கூடாது. பரீட்சைக்குப் போற பிள்ளைங்க மாட்டிக்கக் கூடாது. கோபம் வரணும், ஆனா ரத்தக்கொதிப்பு ஏறக் கூடாது. எல்லாத்தையும் பார்த்துத்தானே..."

"கிழிஞ்சுது. இதுக்குப் பேரு தப்பு இல்லம்மா, ஏற்பாடு. தப்புன்னா அது தானா வரணும்."

"எனக்கு வரலியே."

"இதுகூட வரலேன்னா அப்புறம் என்ன மூளை?"

மூளைக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை அவளுக்கு வராத பாடம் என்று ஒன்று இருந்ததில்லை. "அப்ப நாளைக்கு அட்டவணையை நீங்க போடுங்க" என்றாள்.

"போட்டாப் போச்சு. அதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

காதுக்குத் தெரிந்த வழியில்தான் அவன் அட்டவணை போட்டான். டிப்போவுக்குப் போய் ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டு, கன்னத்தில் கை வைத்து, மனசில் இருப்பதைச் சொல்லச் சொன்னான். இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. ஹாரன் என்று பெயரெடுத்த டிரைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"அண்ணே, மேட்டுத் தெருவுல என் மாமனார் வீடு இருக்கு. போன தடவை பஸ்ஸை மறிச்சு ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் எனக்குப் புத்தி சொன்னாரு. பயணிங்க வேற தலையாட்டுறாங்க. அந்தப் பக்கம் மட்டும் வேணாம்ணே."

"அடடா, அப்புறம்?"

மேடு ஏறினால் என்ஜின் முனகுகிறது என்றார் இன்னொருவர். வெயில் ஆகாது என்றார் மற்றொருவர். பூங்காச் சாலையில் இரண்டு பக்கமும் மரம் இருக்கிறது, அதில் ஓட்டினால் மனசுக்கு இதம் என்று எல்லோரும் சொன்னார்கள். காது ஒருவர் மனசையும் நோகடிக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தான்.

மறுநாள் ஊரில் இருந்த அத்தனை பஸ்களும் பூங்காச் சாலைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகை இடிக்க, ரயில் மாதிரி நின்றன. அவசரக்காரர் ஒருவர் கடைசி பஸ்ஸின் பின்படியில் ஏறி முன்படியில் இறங்கி, அடுத்ததன் பின்படியில் ஏறி முன்படியில் இறங்கி, அப்படியே நடந்து நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் டிக்கெட் கேட்டதுதான் அவருக்குக் குறை. மேட்டுத் தெருப் பக்கம் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. அந்தத் தெரு ஜனங்கள் கால்நடையாக இறங்கி, வழியில் பார்த்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஊர்வலமாக ஜன்னலுக்கு வந்தார்கள்.

மேனேஜர் மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தார். "யாரு போட்டது இதை?"

காதுதான் என்று தெரிந்தால் அவன் மாசக் கடைசி வரைகூடத் தாங்க மாட்டான். "நான்தான் சார்" என்றாள் மூளை.

மேனேஜர் கண் கலங்கிவிட்டது. "நீங்களா? நீங்களேவா? உக்காருங்க, உக்காருங்க. யாருப்பா அங்க, மேடத்துக்கு ஒரு டீ!"

அதுவரை அவள் மேஜைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "மனசை விட்டுடாதீங்க, எனக்கும் இப்படி ஆகியிருக்கு" என்றார் கிளார்க். ஸ்டோர் கீப்பர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். மேனேஜர் அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், "சூட்சுமம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பஸ் முன்னாடி போகணும். இன்னொண்ணு கொஞ்சம் பின்னாடி வரணும். புரியுதா?" என்றார்.

மூளை டீயை விழுங்கினாள். "ஓ, அப்படியா சார்?" என்றாள். அவள் உத்தியோக வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வாக்கியத்தைச் சொன்னதில்லை.

அப்போது கீழே கூச்சல் கேட்டது. புகார் ஜன்னலில் கூச்சல் கேட்பது நல்ல சகுனம் என்று சந்தோஷப்படப் போனவள், அதில் ஒரு குரல் தன் புருஷன் குரலாக இருக்கக் கண்டு படிகளில் தாவி இறங்கினாள்.

மேட்டுத் தெருக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "எந்த மடையன்யா போட்டான் இந்த அட்டவணையை?"

காது எழுந்து நின்றான். புருவம் ஏறவில்லை, கை கன்னத்துக்குப் போகவில்லை. "மடையன் கிடையன்னு பேசாதீங்க. மேட்டுத் தெருவுக்கு எதுக்கு பஸ்ஸு? ஏறினா மூச்சு வாங்குது, பொட்டு நிழல் இல்ல."

"அங்கதான்யா எங்க வீடு இருக்கு!"

"யாரு உங்களை அங்க போய் வீடு கட்டச் சொன்னது?"

கூட்டம் வாயைப் பிளந்தது. மூளை பக்கக் கதவால் நுழைந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, என்ன பண்றீங்க? திட்டு வாங்கறதுதானே உங்க வேலை?"

"இத்தனை நாள் வாங்கினது ஊரான் தப்புக்கு. இது நான் போட்டது! ஒவ்வொருத்தனையும் கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்துப் போட்டது. எவனாவது ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொல்றானா பாரு!"

அந்தக் கோபம் மூளைக்கு நன்றாகத் தெரிந்த கோபம். ஒவ்வொரு மீட்டிங் முடிந்தும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவனிடம் இறக்கி வைப்பாளே, அதே சரக்குதான். அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு நேரமில்லை. காது ஜன்னலுக்குத் திரும்பி, வரிசையில் நின்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியாகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் அவள் பழைய அட்டவணையைப் போட்டாள். பஸ்கள் நல்ல பிள்ளைகளாக ஓடின. இருந்தும் ஜன்னலுக்கு முன்னால் வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. மேனேஜர் இறங்கி வந்து முதலில் நின்ற அம்மாளை விசாரித்தார்.

"பஸ் வரலியா?"

"பஸ்ஸெல்லாம் வந்துச்சு. அதுல ஏறித்தான் வந்தேன். இந்த ஜன்னல்ல நேத்து ஒரு ஆளு இருந்தாரு பாருங்க, அவரைப் பத்திச் சொல்லணும். என்னா வாய்!"

பின்னால் நின்றவர்கள் எல்லாம் "ஆமாமா" என்றார்கள். மேனேஜர் மூளையைப் பார்த்தார். "மாசக் கடைசி எல்லாம் கிடையாது. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மூளைக்கு வாதங்கள் ஒன்றும் கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "அனுப்பிடலாம் சார். அப்ப இவங்க எல்லாம் அவரைப் பத்தி யாருகிட்டப் புகார் சொல்வாங்க?"

மேனேஜர் மோவாயைத் தடவினார். "அதுக்கு இன்னொரு ஜன்னல் வேணும்."

"வேணும் சார்."

"அதுல நல்லாத் திட்டு வாங்கத் தெரிஞ்ச ஆளா உக்காரணும்."

"ஆமா சார்."

"அப்படி நம்மகிட்ட ஒருத்தர்தான் இருக்காரு. அவரை அனுப்பிட்டா ரெண்டாவது ஜன்னலுக்கு ஆள் இல்ல. முதல் ஜன்னலுக்கு வேற ஆளைப் போட்டா, ரெண்டாவது ஜன்னலுக்குப் புகார் இல்ல." சொல்லிவிட்டு மேனேஜர் கூட்டத்தை ஒரு முறை பெருமையோடு பார்த்தார். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கோத்துக்கிட்டு இருக்கு பார்த்தீங்களா? இதையெல்லாம் நீங்க யோசிக்கறதே இல்ல."

அந்த வாதத்தில் ஒரு பஸ் நுழைந்து திரும்பி வெளியே வருகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. மூளைக்கு அவை ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. ஒன்றைக்கூட அவள் சுட்டிக்காட்டவில்லை. "தோணவே இல்ல சார்" என்றாள்.

இப்போது காது காலை வேளையில் பழைய ஜன்னலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பூங்காச் சாலையின் மேன்மையை எடுத்துச் சொல்லி வம்பு வளர்க்கிறான். மத்தியானம் ஆனதும் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டடத்தின் அடுத்த பக்கம் போய்ப் புது ஜன்னலில் உட்காருகிறான். புருவம் ஏறிவிடும், கை கன்னத்துக்குப் போய்விடும். சோறு நன்றாக இறங்குகிறது. உடம்பும் தேறிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் மூளை ஃபைலோடு அந்தப் பக்கம் போனபோது மேட்டுத் தெருக்காரர் புது ஜன்னலில் முகத்தைப் பதித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க எவ்வளவு தங்கமான மனுஷன்! காலையில அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவனை எப்படிங்க இன்னும் வெச்சிருக்காங்க?"

"அடடா, அவனா? அவனைப் பத்தி ஊரே சொல்லுது சார்."

"உள்ள யாரோ பெரிய மூளைக்காரன் அவனுக்கு முட்டுக் கொடுக்கறான். இல்லேன்னா நடக்காது."

"மூளைக்காரனா?" என்று காது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெருமூச்சு விட்டான். "இருக்காது சார். பொண்டாட்டியா இருக்கும்."