ஊதிக் காட்டுங்க

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பஸ் டிரைவருக்கு ஒரு வேலை உண்டு. மனைவி முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, ஊதிக் காட்ட வேண்டும். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் டீ. டிப்போவில்கூட காலையில் ஒரு தடவைதான் ஊதச் சொல்கிறார்கள். வீட்டில் சட்டம் கொஞ்சம் கடுமை.

அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? குடித்த காலத்தில் மனுஷன் படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா! ஒருநாள் மகள் பார்க்க வாசல்படியில் உருண்டு கிடந்தான். அன்றைக்கே மனைவி மகளோடு தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். குடியை அடியோடு விட்டுவிட்டு, மச்சான் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவளைத் திரும்ப அழைத்து வந்தான். "இன்னொரு தடவை தொட்டீங்கன்னா போனவ போனவதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பேச்சுக்குச் சொல்கிற ரகம் இல்லை அவள்.

சில வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. இந்த வெயில் காலத்தில் அவன் முகம் சிவக்க ஆரம்பித்தது. முதலில் மூக்கும் கன்னமும். அப்புறம் சின்னச் சின்னப் பருக்கள், நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள். கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. டிப்போவில் 'தக்காளி' என்று பேரே வைத்துவிட்டார்கள். அவனும் சிரித்து வைத்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடித்துவிட்டு வரும்போது இருந்த அதே மூக்கு, அதே கண்.

வாயில் வாடை இல்லை. ஆனால் ஒருநாள் அவன் துண்டைத் துவைக்க எடுத்தபோது ஸ்பிரிட் வாடை சுர்ரென்று மூக்கில் ஏறியது. அவள் துண்டை அப்படியே போட்டுவிட்டு, தன் துணியையும் மகள் துணியையும் ஒரு பையில் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சந்தேகத்துல கிளம்பி வராதம்மா. தெரிஞ்சுக்கிட்டு வா" என்றான் அண்ணன். "முகத்தைக் காட்டணும்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவங்களை ஏமாத்த முடியாது."

தோல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, அவன் முகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகத்துக்கு என்னென்ன போட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் கவிழ்த்தான். மருந்துக் கடைக்காரர் கொடுத்த ட்யூப் ஒன்று, பிதுக்கிப் பிதுக்கிச் சப்பையாகி விழுந்தது. கூடவே ஒரு பாட்டில். அதை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை.

"ஷேவிங் பண்ணினதும் போடற லோஷன் டாக்டர். பஸ்ல வெச்சிருப்பேன். முகம் எரியறப்பல்லாம் துண்டுல நனைச்சுத் துடைப்பேன். எரிஞ்சாத்தானே கிருமி சாகும்?"

"கிருமி சாகுதோ இல்லையோ, உங்க தோல் செத்துக்கிட்டிருக்கு."

அவள் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். துண்டில் அடித்த அதே வாடை. நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. அந்த ஜோரில், "எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னது நான்தான் டாக்டர்" என்று தன் பங்கையும் ஒப்புக்கொண்டாள்.

"நல்ல ஜோடி" என்றார் டாக்டர். பிறகு அவனிடம், "குடிப்பீங்களா?"

அவன் மனைவியைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "விட்டுட்டேன்."

"நிஜமா டாக்டர்? முகத்தைப் பார்த்தா உங்களுக்குத் தெரியுமில்ல?" அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியாதும்மா. இதுக்கு ரோசேஷியான்னு பேரு. குடிச்சா அதிகமாகும். ஒரு சொட்டுகூடத் தொடாதவங்களுக்கும் வரும். வெயில், இன்ஜின் சூடு, கொதிக்கக் கொதிக்க டீ, மனக்கவலை, எல்லாத்துக்கும் சிவக்கும். முகத்தை வெச்சு ஆளை எடை போட முடியாது."

"குணமாயிடுமா?"

"கட்டுக்குள்ள வரும். சுத்தமா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்." டாக்டர் அந்த ட்யூபை விரலால் தள்ளினார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. போட்டதும் சுகமா இருக்கும், உள்ளுக்குள்ள கெடுக்கும். இன்னையோட நிறுத்துங்க. நிறுத்தினா சில வாரம் இதைவிட மோசமா சிவக்கும். தாங்க முடியாம மறுபடி தொட்டீங்கன்னா விடவே முடியாது."

"அது எனக்குத் தெரியும் டாக்டர்" என்றான் அவன்.

தெரிந்துகொள்ளத்தானே அவள் வந்தாள்? தெரியவே தெரியாது என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பை கட்டிலடியிலேயே இருந்தது.

ராத்திரி பூச ஒரு ஜெல், சாப்பிட மாத்திரை, வெயிலுக்கு ஒரு கிரீம், ஆறிப்போன டீ. டாக்டர் சொன்னபடியே முகம் மோசமானது. கன்னம் வீங்கிக் கொதித்தது. பழைய ட்யூபை அவன் தூக்கிப் போடவில்லை, கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். "கண்ணுக்கு எதிர்ல இருக்கட்டும். தொடறேனா இல்லையான்னு பார்ப்போம்" என்றான். எரிச்சல் பொறுக்காமல் அவன் கை அதுவரைக்கும் போவதையும், போன வேகத்தில் திரும்புவதையும் அவள் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் வழக்கமான நேரம் தாண்டியும் அவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் திரும்பக் கூப்பிட்டான். "வந்துட்டாரா? வண்டி அனுப்பட்டுமா?"

"அப்புறம் சொல்றேன்" என்று வைத்தாள். கை தானாகப் பையை இழுத்து வெளியே வைத்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அதே படியில் கால் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் தணல். கண் திறக்க முடியாத அளவுக்குச் சிவப்பு.

"வழியில ரேடியேட்டர் போச்சு. வெயில்லயே நின்னேன். போன்ல சார்ஜ் இல்ல."

குடித்த காலத்திலும் இதே ரேடியேட்டர்தான் போகும், இதே சார்ஜ்தான் இருக்காது.

அவன் பையைப் பார்த்தான். அவள் முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து வாயைத் திறந்தான்.

அவள் அவனைத் தாண்டிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். ட்யூப் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. மூடிமேல் தூசி படிந்திருந்தது. இந்த எரிச்சலில் அதைத் தொடாதவன்.

அலமாரியிலிருந்து ஜெல்லை எடுத்து வந்தாள்.

"வாயை மூடுங்க. முகத்தைக் கழுவிட்டு உட்காருங்க, மருந்து பூசணும்."

அவன் கண்ணைத் திறந்து நம்பாமல் பார்த்தான். கழுவி வந்து, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஒற்றை விரலால் கன்னத்தில் ஒற்றினாள். அவன் மூச்சுக் காற்று அவள் முகத்தில் படும் தூரம். இனி சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு மூக்கு மட்டும் எதற்குத் தனியாக வேலை பார்க்க வேண்டும்? பூசி முடிக்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.