மினுக்கு டாக்டரின் தொப்பைக் கொழுப்பு

"உங்க தொப்பையிலேர்ந்து ஒரே ஒரு கிள்ளு குடுங்க மாப்பிள்ளை. ஒரு வாரத்துல அதை வச்சு ஒரு புற்றுக்கட்டிக்கு ஏழடுக்கு மாளிகை கட்டி, சமையலுக்கு ஆளும் போட்டுக் காட்டுறேன்!"

தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்காள் இப்படிச் சூளுரைத்தாள். புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பதுதான் அவளுக்கு வேலை. தங்கையின் கணவர் தொண்டை தெரியச் சிரித்தார்.

அவர் அழகு சிகிச்சை டாக்டர். அக்காள் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் மினுக்கு. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, சுருங்கின கன்னத்திலும் சொட்டைத் தலையிலும் ஏற்றுவது அவர் பிழைப்பு. அவர் அளப்பதைக் கேட்டால், அந்தச் செல் உடைந்த நாற்காலிக்குக்கூடப் புதுக் கால் முளைக்க வைத்துவிடும். ஊரார் இடுப்பையெல்லாம் கரைக்கிறவரின் தொப்பை இருக்கிறதே, அவர் தெருமுனையில் திரும்பும்போதே அது வீட்டு மணியை அடித்துவிடும்!

அதுவரை அக்காளுக்கு இதெல்லாம் இலவச வேடிக்கை. ஆனால் இப்போது மனிதர் தங்கை மேலேயே கை வைக்கப் பார்த்தார். தங்கைக்கு மார்பில் புற்று வந்து, கட்டியை அறுத்தெடுத்து, பிழைத்து எழுந்திருந்தாள். எடுத்த இடத்தில் ஒரு குழி. பருத்த உடம்புக்காரியான அவளுடைய வயிற்றிலிருந்தே ஸ்டெம் செல்லைத் திரட்டி அந்தக் குழியில் ஊசியாக ஏற்ற, மினுக்கு நாளும் குறித்துவிட்டார்.

"அண்ணி, கொழுப்பு வெறும் மூட்டை. ஸ்டெம் செல் அதுல தூங்குற பச்சைக் குழந்தை. குழந்தை யாரைக் கெடுக்கும்?"

"பருத்த உடம்புல சகவாசம் சரியில்ல மாப்பிள்ளை. கொழுப்பு மிஞ்சினா அந்தக் குழந்தைக்குக் குணம் மாறிடும். பக்கத்துல ஒரு புற்று செல் மிச்சம் இருந்தாப் போதும், ஓடிப்போய் சோறு ஊட்டும், ரத்தக்குழாய்க்கு வழி வெட்டும்."

"எல்லாம் எலிக்கதை!"

"எலியை விடுங்க. நீங்களே வாங்க."

ரோஷம் பொங்கிவிட்டது. தன் கிளினிக்கிலேயே தன் தொப்பையில் குழாயைப் போடச் சொன்னார். கொழுப்பு கொட்டிய வேகத்தில் வாளி தேடி ஓடினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அக்காளும் தன்னுடையதைக் கொடுத்தாள். முருங்கைக்காய்க்கு முழங்கை வைத்தாற்போன்ற உடம்பு அவளுக்கு. ஊசி உள்ளே போய், வழி கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் ஒரு சொட்டோடு திரும்பியது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சுழற்றினாள். எண்ணெய் மேலே மிதந்தது. ஸ்டெம் செல்கள் குழாயின் அடியில் தங்கின. மூன்று தட்டுகளில் புற்று செல்களை ஒரே அளவாக விதைத்தாள். ஒவ்வொரு தட்டின் மேலும் சல்லடை அடியுள்ள ஒரு சின்னக் கூடை. ஒரு கூடையில் தன் செல், ஒன்றில் அதே எண்ணிக்கையில் மாப்பிள்ளையின் செல், ஒன்று காலி. கூடையில் இருப்பது கீழே இறங்க முடியாது. அது கக்குகிற சாறு மட்டும் சொட்டும்.

வாரம் முடிந்தது. மினுக்கு மனைவியோடு வந்தார். அவர் பூசியிருந்த வாசனைக்கு, அறையில் இருந்த கிருமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும். கல்லூரியை விட்ட பிறகு ஆய்வுக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். எது எந்தத் தட்டு என்று அக்காள் சொல்லவில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முதல் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள். இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல். மூன்றாவதில் திருவிழாக் கூட்டம்! ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்தது.

"இது என்னோடது!" மினுக்கு துள்ளினார். நுண்ணோக்கி ஆடியது. "சொல்லவே வேண்டாம் அண்ணி! என்ன வீரியம், என்ன வளர்ச்சி! இந்தாம்மா, நீயும் வந்து பாரு. இதை ஃபோட்டோ எடுத்துக் குடுங்க, கிளினிக் வாசல்ல பெருசா மாட்டணும்."

"மாட்டலாமே. அடியில என்ன எழுதட்டும்?"

"டாக்டரின் ஸ்டெம் செல்னு எழுதுங்க!"

"உங்க ஸ்டெம் செல் அதோ, அந்த மூலையில இருக்கு மாப்பிள்ளை. கூடையெல்லாம் கழட்டி அங்க வச்சுட்டேன். முதல் தட்டு காலிக் கூடை, ரெண்டாவது என்னோடது. உங்க கூடை தொங்கின தட்டுதான் இது, அது சரி. ஆனா அடித்தட்டுல நான் விதைச்சது புற்று மட்டுந்தான். இவ்வளவு நேரமா அதைத்தான் மெச்சிக்கிட்டிருக்கீங்க."

மினுக்கு மறுபடி குனிந்தார். மூலையிலிருந்த கூடையைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். எழுந்தபோது மினுமினுப்பில் பாதி போயிருந்தது.

"தட்டுல நடந்தா உடம்புலயும் நடக்கணுமா என்ன?"

"நடக்கணும்னு இல்ல. நடக்காதுன்னு சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு? அது தெரியறதுக்கு என் தங்கச்சி உங்களுக்குத் தட்டா?"

அவர் விலகி நின்றார். தங்கை குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கை தானாக மார்பின் அந்தக் குழியை மூடியிருந்தது.

"பெரிய பேச்செல்லாம் வேண்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அக்கா சொன்னது நடந்துச்சா, இல்லையா?"

மினுக்கு அண்ணியைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைத்தான் பார்த்தார்.

"நடந்துச்சும்மா," என்றார். "என்னோடதுலதான் நடந்துச்சு. உனக்கு அந்த ஊசி வேண்டாம்."