ரொம்சோஸில் கரையாத சீனி

2002ஆம் ஆண்டு சித்திரை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலிருந்து உதயகுமாரியின் வீட்டில் எதுவும் தண்ணீரில் கரையவில்லை. சீனி கோப்பையின் அடியில் மணலாகக் கிடந்தது. குழம்பில் போட்ட உப்பு முழுதாகவே வெளியே வந்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. வீடு ஒஸ்லோவின் ரொம்சோஸில், ஐந்தாம் மாடியில் இருந்தது. மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் எல்லாம் வழக்கம்போலக் கரைந்தன. அவர் முதலில் சீனியைச் சந்தேகித்துக் குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போய் வேறு மூன்று வகை வாங்கிவந்தார். பிறகு தண்ணீரைச் சந்தேகித்து, வாசலில் மிச்சமிருந்த பனியை அள்ளி உருக்கிப் பார்த்தார். பலன் இல்லை.

சந்தேகிக்கும் தகுதி அவருக்கு இருந்தது. தன் மன்னார்க் கடற்கரை ஊரில் இரசாயனவியல் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்த முதல் பெண் அவர். பொருளாதாரத் தடை ஆண்டுகளில், வன்னியில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், அவரும் கணவர் பேனாட்டும் வேப்பெண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சினார்கள். வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்கான உப்புச்சீனிப் பொடியைச் சீனி இல்லாத காலத்தில் பனங்கட்டியில் செய்யும் அளவுகளைக் கண்டுபிடித்தவர் உதயகுமாரி. பேனாட் போராட்டத்தை முழுதாக நம்பியவர். புதிய நாட்டுக்குக் கொடிக்கு முன்னால் சவர்க்காரம் வேண்டும் என்பார். ஒரு வருடப் படிப்புக்காக 2000இல் ஒஸ்லோ வந்த உதயகுமாரியால், வன்னிக்குப் போகும் பாதை மூடியதால், திரும்ப முடியவில்லை. அவர் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். ஆய்வுகூடமொன்றில் குடுவை கழுவும் வேலை கிடைத்தது.

போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதை திறந்ததும் பேனாட் வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அழைப்பு எடுத்தார். அது அந்தச் செவ்வாய்க்கு முந்திய நாள். கணவரை அழைப்பதற்கான குடும்ப இணைவு விண்ணப்பத்தை உதயகுமாரி நிரப்பிக் கையெழுத்தும் வைத்து மேசையில் வைத்திருந்தார். அதைப் பேனாட்டிடம் சொன்னார்.

“அதைக் கிழிச்சுப் போடும். சண்டை முடிஞ்சுது. நீர் இஞ்சை வாரும், தொழிற்சாலை துவங்குவம்.”

“நீங்கள் ஒருக்கா வந்து குளிரையும் பார்த்திட்டுப் போங்கோவன்.”

“குளிரைப் பார்க்கவோ, உம்மைப் பார்க்கவோ?”

உதயகுமாரி சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தைக் கிழித்தார். அந்த ஆண்டு எங்கள் ஆட்களில் பலர் அப்படிச் செய்தார்கள். சமாதானம் வந்துவிட்டதே, இனி எதற்கு இங்கே கூப்பிட வேண்டும் என்று. மறுநாள் காலை சீனி கரையவில்லை.

பிறகு நான்கு ஆண்டுகள், பட்டத்தை ஏற்றுக்கொள்ளட்டும், வருகிறேன் என்று இவரும், தொழிற்சாலைக்குக் கூரை போட்டு முடியட்டும், வருகிறேன் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியது. உதயகுமாரி புது விண்ணப்பம் நிரப்பினார். அதற்கு வேண்டிய பேனாட்டின் கடவுச்சீட்டுப் பிரதி வந்து சேரவே இல்லை.

தடைக்காலத்தில் செய்ததுபோல, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு அவர் தனியே தேத்தண்ணி குடித்தார். ஆய்வுகூடத் தலைவி குன்வோர் ஒருநாள் வெப்பமானியோடு வந்து, அறுபது பாகையிலும் எண்பது பாகையிலும் கலக்கிப் பார்த்து, ‘கரையவில்லை’ என்று கொப்பியில் எழுதி, சீனியில்லாத கோப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதே நகரில் பியோர்ண்டாலில் இருந்த பேனாட்டின் அக்கா மேரியம்மா மட்டும் விடவில்லை. “கெமிஸ்ற்றி படிச்சவ வீட்டிலை ஒரு தேத்தண்ணிக்கு வழியில்லை. பாயாசம் கல்லுக் கடிக்குது, உதயா!”

போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு பேனாட்டைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. புரட்டாதியில் அகதி முகாமிலிருந்து துசாந்தினி என்ற பெண் அழைப்பு எடுத்தாள். பேனாட்டிடம் வேலை பழகியவள்.

“சேரின்ரை கையிலை எல்லாம் கரையும், மிஸ். சண்டை நிண்டு பாதை திறந்த வருசத்திலை இருந்து அப்பிடித்தான். சேட்டுப் பொத்தான் வாளிக்கை விழுந்தாலும் கரைஞ்சிடும். கலியாண மோதிரத்தைக் கழட்டி என்னட்டைத் தந்திட்டுத்தான் தண்ணியிலை கை வைப்பார். கடைசி மாதம் உப்புச்சீனிப் பொடி முடிஞ்சுது. கடற்கரை மண்ணைக் கலக்கிப் பிள்ளையளுக்குக் குடுத்தவர். இனிச்சது.”

“இப்ப எங்கை?”

“ஆமிப் பக்கம் போற பாலம் கடக்கேக்கை எனக்கு முன்னாலை போனவர். பிறகு காணேல்லை.”

உதயகுமாரி தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்தார். இரண்டு பேருக்குமான கரைதல் முழுவதும் ஒருவரிடம் போயிருக்கிறது. கணக்கு அவருக்கு உடனே விளங்கியது. பேனாட் உயிரோடு இல்லாத நாளில் அது இங்கே திரும்பி வரவேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் ஒரு கரண்டி சீனியைச் சுடுதண்ணீரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கலக்கினார். சீனி அடியில் போய் அமர்ந்த பிறகே சப்பாத்தைப் போட்டார்.

கார்த்திகையில், இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசையில் வாசிக்கும் பெயர்ப் பட்டியலில் மேரியம்மா தம்பியின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். பூசைக்கு முன் உதயகுமாரி பாதரிடம் போய் அந்தக் கணக்கைச் சொன்னார். அதை முன்பே கேட்டிருந்த மேரியம்மாவும் பின்னால் வந்தார்.

“ஒரு பூசையாவது கிடைக்கட்டும் உதயா, அவன் என்ரை தம்பியெல்லோ” என்றார் மேரியம்மா, அழுதபடி.

“மச்சாள், இண்டைக்குக் காலமையும் பார்த்தனான். கரையேல்லை.”

மேரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வடிவாய்க் கலக்கினீரோ?” என்று கேட்டார்.

“ஓம். சுடுதண்ணியிலை.”

பாதர் பேனையை எடுத்து, பேனாட்டின் பெயரை வெட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.