ஏரிக்குப் போகாத நாள்

1

2025 மார்ச் 12, புதன்கிழமை விடியற்காலை, பழவேற்காடு ஏரியில் ஒரு படகு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு படகுகள் நின்றன.

முதலில் என்னிடம் இருந்தது இந்த ஒரு வரிதான். மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது. மீதியை நான் சேர்த்துக் கட்டினேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். "பனி விலகாத ஏரியின் மேல் நாரைகள்—" என்று ஒன்று. பறவைகளோடு தொடங்கினால் சுற்றுலாக் கையேடு போலாகிவிடுகிறது. "கணினி என்பது—" என்று இன்னொன்று. அதற்கு மேல் நானே படிக்க மாட்டேன்.

2

ஒரு படகு பால்ராஜுடையது. மற்றது தருமலிங்கத்துடையது.

"இன்னா பால்ராஜு, தூக்கத்துல வந்துட்டியா? இன்னிக்கு என் முறை."

"போனைப் பாருண்ணே. என் பேருதான் போட்டுகீது."

"போட்டது யாரு? உம் பொண்ணு! நாளைக்கு ஏரியே எங்க நைனாதுன்னு போடுவா, அப்பவும் போனைப் பாக்கணுமா?"

வார்த்தை தடித்தது. இருவரும் வலை கட்டவில்லை. இறால் தன் பாட்டுக்கு நீரோட்டத்தோடு போய்விட்டது.

[இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு ஓட்டை தெரிந்தது. அங்கே ஏன் ஒரே ஒரு படகு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியும், ஆகவே உங்களுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் குறைவு. அதனால் குடும்பங்கள் சீட்டுப் போட்டு வரிசை வைத்துக்கொள்கின்றன, நாளுக்கு ஒருவர் என்று. இந்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர்.]

3

பால்ராஜின் மகள் ஜாக்குலின் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். கலைப் பிரிவு மாணவர்களும் ஒரு பருவம் கணினி அறிவியல் அறிமுகம் படித்தாக வேண்டும். மன்னர் வரிசையைத் தலைகீழாக ஒப்பிப்பவள் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

முதல் வகுப்பில் ஆசிரியை ஹேமாவதி ஒரு வேலை கொடுத்தார். மீஞ்சூர் ரயிலில் இடம் பிடிப்பது எப்படி? ரயிலையே பார்க்காத ஒருவருக்குப் படிப்படியாக எழுத வேண்டும். 'இருக்கையில் ஆள் இல்லையென்றால் உட்கார்' என்று ஜாக்குலின் எழுதினாள்.

"சீட்ல ஆள் இல்ல, கைக்குட்டை கிடக்கு. உட்காரலாமா?"

"ஐயோ மேடம், அது யாரோ இடம் போட்டது. முடியைப் பிடிச்சுடுவாங்க!"

"நீ எழுதலையே."

"அது எல்லாருக்கும் தெரியுமே!"

"கம்ப்யூட்டர் அந்த ரயில்ல வந்ததில்ல."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பருவ இறுதிக்கு ஒரு கணினி நிரல் எழுத வேண்டும் என்றபோது, வரிசையும் சுற்றும் இருக்கிறதே என்று ஊரின் பாடு முறையையே எடுத்துக்கொண்டாள். யார் முறை என்பதில் அடிக்கடி வாய்ச்சண்டை வருவதால் ஊரும் சரியென்றது. மறுநாளைக்கு உரியவர் பெயர் தினமும் மாலை வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகப் போகத் தொடங்கியது.

4

அந்த நிரலில் ஒரு கேள்வி இருந்தது: இன்று ஏரிக்குப் போகாத நாளா? ஆம் என்றால் அன்றைக்கு உரியவர் முறை போனதாகக் கணக்கு, மறுநாள் அடுத்தவருக்கு.

காய்ச்சலென்று படுத்தாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஒருவர் முறை போனது போனதுதான். ஆனால் ஊரில் சாவு என்றால் யாருமே ஏரியில் இறங்குவதில்லை. அன்றைய முறை கெடாமல் மறுநாளுக்கு நிற்கும். இது ஜாக்குலினுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அவ்வளவு தெரிந்ததால்தான் எழுதத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் இறந்தார். அன்று தருமலிங்கத்தின் முறை. அவள் 'ஆம்' என்று தட்டிவிட்டுச் சாவு வீட்டுக்குப் போனாள். பால்ராஜ் இரண்டு நாளாகச் சுண்ணாம்புக்குளத்தில் மச்சான் வீட்டில் இருந்தார். விடியலில் திரும்பியவர் போனில் தன் பெயரைப் பார்த்து நேராகப் படகுக்குப் போய்விட்டார். சாவு நடந்ததே அவருக்குத் தெரியாது.

கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர், "இதை வாசகர் நம்பமாட்டார்" என்றார். ஊரும் நம்பவில்லை.

5

அன்று மாலையே ஏலக் கொட்டகையில் ஊர் கூடியது. அடுத்தவர் முறையைத் திருடினால் அந்தப் படகுக்குப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது. இறால் பருவத்தில் அப்படி நேர்ந்தால் பால்ராஜ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலி வேலை தேட வேண்டியதுதான். அதற்குமேல் 'திருடன்' என்ற பெயர்.

[தருமலிங்கத்துக்கு முதலில் முறுக்கு மீசை வைத்து வில்லனாக எழுதினேன். பேசவிட்டதும் நியாயம் அவர் பக்கம் இருந்தது. மீசையை எடுத்துவிட்டேன்.]

"அவன் முறைய எனக்கு மாத்திப் போட்டிருந்தா மிஷின் தப்புன்னு ஒத்துக்குவேன்" என்றார் தருமலிங்கம். "கரெக்டா அவ நைனாவுக்குப் போச்சே, அதெப்படி?"

ஜாக்குலின் மடியிலிருந்த பையோடு முன்னால் வந்தாள். 'மன்னிச்சிடுங்க' என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும். 'தெரியாம நடந்தது' என்பதைத் திருடுகிறவரும் சொல்வார். மடிக்கணினியைத் திறந்து மீன் பெட்டிமேல் வைத்தாள்.

"செவ்வாக்கிழமைய எடுத்துடறேன். நீங்களே வேற ஒரு நாள் சொல்லுங்க. அன்னிக்குச் சாவுன்னு போடறேன்."

ஊரில் சாவை யார் கூப்பிடுவார்? கடைசியில் மீன் விற்கும் முனியம்மாள், "புதன்கிழமைன்னு போடுடி. எனக்குன்னே வச்சுக்க, இன்னும் ஒண்ணும் ஆயிடல" என்றாள்.

போட்டாள். புதன்கிழமை பால்ராஜின் முறை. வியாழனுக்கு அவர் பெயரை நிறுத்தாமல் நிரல் அவரைத் தாண்டி அடுத்த குடும்பத்துக்குப் போனது.

"அடிப்பாவி, உங்க நைனாவுக்கே ஆப்பு வச்சிகீறியே!" என்றாள் முனியம்மாள்.

கொட்டகை சிரித்தது. பிறகு ஆளாளுக்கு ஒரு நாள் சொன்னார்கள். எந்த நாளைச் சொன்னாலும் அன்றைக்கு உரியவர் முறை பறிபோனது. தருமலிங்கம் தன் பேத்தி எழுதுவதைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"சாவுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"நான் சொல்லலையே பெரிப்பா."

"அப்ப சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து சொன்னாள். ஊரே போகவில்லையா, உரியவர் மட்டும் போகவில்லையா என்று ஒரு கேள்வி இரண்டானது. பால்ராஜ்மேல் இருந்த பேச்சு அத்தோடு முடிந்தது.

6

ஜாக்குலின் எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு எதுல சேத்தி? ஊரும் ஏரிக்குப் போச்சு, ரெண்டு பேரும் போனாங்க, ஆனா வலை கட்டல."

ஊர் வழக்கத்தில் அதற்கு விடையில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை.

முடிவு ஒன்று எழுதினேன்: தருமலிங்கம் பெருந்தன்மையோடு தன் முறையை விட்டுக்கொடுத்து— (பொய். அவர் அப்படிப்பட்டவரில்லை.) முடிவு இரண்டு: போனே வேண்டாம் என்று ஊர்— (அதுவுமில்லை. குழுவில் பெயர் இன்றும் வருகிறது.)

நிரலில் மூன்றாவது வகை ஒன்று சேர்ந்தது; அதிலும் முறை கெடாமல் மறுநாளுக்கு நிற்கும். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதில் கொட்டகையில் வெகுநேரம் ரகளை. வைத்த பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன், ஒன்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை தருமலிங்கம் வலை கட்டினார். வெள்ளிக்கிழமை பால்ராஜ் கட்டினார்.