இரண்டு கதிரை மந்திரிக்கு எழுதிய பெத்திசம்

அயர்லாந்து எந்தத் திசையில் கிடக்கிறது என்று 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததில்லை. திருகோணமலைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தின் வாசலுக்கு எதிரே, ஒரு தகரக் கூரைக்குக் கீழே மேசையும் தட்டச்சு யந்திரமும் போட்டுக்கொண்டு, சனங்களுடைய முறைப்பாடுகளை ஆங்கிலத்தில் பெத்திசமாக எழுதிக் கொடுப்பது என் தொழில். காணி, கிணறு, வேலி எல்லை என்று ஊரின் வழக்கெல்லாம் என் விரல் வழியாகத்தான் துரைமாரிடம் போகும். பாக்கியரத்தினம் எழுதிய பெத்திசம் என்றால் கச்சேரிக் கிளாக்கர்மார் ஒளிய இடம் தேடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஸுல்பிகா என்ற பெண் தன் அண்ணன் ஸெய்னுதீனோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையில் இரண்டு கடிதங்களை வைத்தாள்.

"ஐயா, இதில ஒண்டு என்ர மாப்பிள்ள மௌத்தெண்டு சொல்லுது. மத்தது உசிரோட இருக்கிறாரெண்டு சொல்லுது. நான் எதை நம்புறது?"

முதலாவது, அவள் புருஷன் ஜவாஹிர் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை பார்த்த கப்பலின் கொம்பனி எழுதியது. மார்ச் மாதம் அத்திலாந்திக் கடலில் கப்பல் மூழ்கித் தாண்டுவிட்டது, தப்பியவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை, இறந்ததாகக் கொள்ளவும். இரண்டாவது, அயர்லாந்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி எழுதியது. ஜவாஹிர் என்ற இலங்கையர் இங்கே இருக்கிறார், இரண்டு கையும் வெந்திருப்பதால் தன்னை எழுதச் சொன்னார், மனைவிக்கு ஸலாம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் பெயரும் ஊரும் தேதியும் இருந்த இடத்தை யுத்தத் தணிக்கைக்காரன் கத்தரித்து எடுத்திருந்தான். கடிதத்தைத் தூக்கிப் பிடித்தால் அந்த ஓட்டை வழியாகக் கச்சேரி தெரிந்தது.

"தாதி எழுதின பிறகு மௌத்தாகியிருப்பார், ஐயா," என்றான் ஸெய்னுதீன். "கொம்பனி என்னத்துக்குப் பொய் சொல்லப் போகுது? இவ இத்தா இருக்க மாட்டனெண்டு நிக்கிறா. நான் அஞ்சு புள்ளைக்காரன். சண்டைக் காலம். மூதூரில நல்ல மனிசன் ஒருத்தர் கேட்டு வந்திருக்கார்."

புருஷன் இறந்தால் அவர்களுடைய பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்க வேண்டும். அது முடிந்தபிறகுதான் மறுமணம் செய்யலாம்.

"இத்தா இருந்தா அவர் மௌத்தெண்டு நானே சொன்ன மாதிரி," என்றாள் ஸுல்பிகா. "அந்த நாட்டு அரசாங்கம் கடதாசியில எழுதித் தரட்டும். இருக்கிறன்."

எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இது கச்சேரியோடு முடிகிற காரியம் இல்லை, மந்திரிக்கே எழுத வேண்டும் என்றேன்.

எந்த மந்திரிக்கு? சனியன் அங்கேதான் பிடித்தது. பெத்திசத்தில் ஆளின் பெயரைப் போட்டு எழுதுவதே என் முறை. வெறும் பதவியைப் போட்டால் அது அலுமாரிக்குப் போகும். பெயரைப் போட்டால் மனிதனுக்குப் போகும். கடற்படைக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் கூட்டாளி வீரசிங்கம் பழைய ஆங்கிலப் பேப்பரை எல்லாம் சேர்த்து வைத்திருப்பவன். அவனிடம் போனேன். அவன் இரண்டு பட்டியலை எடுத்துப் போட்டான். இரண்டும் அயர்லாந்து மந்திரிசபைதான், இரண்டும் 1939தான். ஆனால் ஒன்றிலிருந்தவர் ஒருவரும் மற்றதில் அதே இடத்தில் இல்லை போலிருந்தது.

"நிதி மந்திரி இப்ப கைத்தொழில், வர்த்தக மந்திரி," என்று விரலை வைத்து வாசித்தான். "உள்ளூராட்சி மந்திரி நிதிக்கு வந்திட்டார். நீதி மந்திரி உள்ளூராட்சிக்கு. காணி மந்திரி நீதிக்கு."

"ஒரே நாளிலயோ? என்ன களவு பிடிபட்டது?"

"களவு இல்லையடாப்பா. சண்டை துவங்கினவுடன பிரதமர் எல்லாரையும் கதிரை மாத்தி இருத்திப்போட்டார்."

"அப்ப வெளிநாட்டு மந்திரி ஆர்? அவருக்கு எழுதுவம்."

"அதுவும் பிரதமர்தான். கொஞ்சக் காலம் கல்வியும் அவரிட்டத்தானாம்."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. எங்கள் கொழும்பு மந்திரிமார் ஏழு பேர், ஏழு கதிரை, கதிரையில் குந்தினால் லேசில் அசைய மாட்டார்கள். ஒருவனை ஓரிடத்திலிருந்து தூக்கி இன்னோரிடத்தில் போட்டால் அவன் ஏதோ பிழை விட்டிருக்கிறான் என்றுதான் இந்தப் பக்கத்தில் அர்த்தம். கப்பல்காரர் விஷயமெல்லாம் கைத்தொழில், வர்த்தக இலாகாவுக்குக் கீழே வரும் என்று வீரசிங்கம் சொன்னான். அந்தக் கதிரையில் முன்பிருந்தவரை, புதிதாக உண்டாக்கிய விநியோக இலாகாவுக்குத் தள்ளியிருந்தார்கள். பாவம், அரிசி மா பங்கிட விட்டுவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

நிதியிலிருந்து வந்தவரின் பெயரைப் போட்டு, 'தாழ்மையுடன் தண்டனிட்டு' என்று தொடங்கி, இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். செப்டெம்பர் போய் நவம்பரும் போயிற்று. ஸுல்பிகா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, "வந்திச்சா ஐயா?" என்பாள். "கடல் கடந்து வர வேணும், தங்கச்சி" என்பேன். டிசெம்பரில் யப்பானும் சண்டையில் இறங்கினான். துறைமுகமெங்கும் கப்பல், தெருவெங்கும் பட்டாளம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஒரு துரை மறுமொழி தராவிட்டால் அவரை முறைப்பட்டு அவருக்குப் போட்டியான இன்னொரு துரைக்கு எழுதுவேன். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான். உத்தியோகத்தர் கடவுளுக்குப் பயப்படாவிட்டாலும் பக்கத்துக் கதிரைக்காரனுக்குப் பயப்படுவார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையும் தவறவில்லை. கதிரை பறிபோன அந்த விநியோக மந்திரியை விடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? உட்கார்ந்து வெளுத்து வாங்கினேன். 'தாங்கள் இருந்த ஆசனத்தில் இப்போது இருக்கும் கனவான் நித்திரை கொள்கிறார். தங்கள் காலத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீர் இப்படிக் காய்ந்திருக்குமா? அவருக்கு இதயம் இருக்கிறதா என்று தாங்களே விசாரித்து அறியவும்.' தட்டி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

ஜனவரி கடைசியில் வீரசிங்கம் ஒரு பேப்பரோடு வந்தான். முகம் சரியில்லை.

"பாக்கியர், அந்த இரண்டாவதை அனுப்பிப்போட்டியோ?"

"அனுப்பி ஒரு மாசம். ஏன்?"

"இது போன ஆகஸ்ட் மாசப் பேப்பர். இப்பதான் என்ர கைக்கு வந்தது. உள்ளூராட்சி மந்திரி விலகிப்போட்டாராம். நீ முதல் எழுதின ஆளை அங்க மாத்தியாச்சு. கைத்தொழில், வர்த்தகம் பழையபடி முந்தின ஆளிட்ட."

"எந்த முந்தின ஆள்?"

"விநியோகம். இரண்டும் இப்ப அவரிட்டத்தான்."

நான் அந்தப் பேப்பரை மூன்று முறை வாசித்தேன். தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முதல் பெத்திசம் கதிரையை விட்டுப் போனவருக்குப் போயிருக்கிறது. இரண்டாவதில், ஒரு மந்திரியைப் பற்றி அதே மந்திரியிடமே கோள் மூட்டியிருக்கிறேன். உமக்கு இதயம் இருக்கிறதா என்று உம்மையே விசாரித்துப் பாரும் என்று எழுதியிருக்கிறேன்! வீரசிங்கம் சிரிக்கத் தொடங்கினான். எழும்பிப் போடா என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் துரைமாரை நான் அறிவேன். ஏசிய பெத்திசத்தை எந்தத் துரையும் வைத்திருந்ததில்லை; கிழித்துத்தான் போடுவார். மறுமொழி இனி வராது. எங்கள் கோணேசர் சாமி அறிய, அப்படித்தான் நான் நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஸெய்னுதீன் களைத்துப் போயிருந்தான். மூதூர் மனிதர் இனிக் காத்திருக்க மாட்டாராம். பள்ளிவாசல் லெப்பையும் கொம்பனிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு இத்தா இருக்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஸுல்பிகா, தான் காக்கா என்று கூப்பிடும் அண்ணனை விட்டுவிட்டு, என்னை நேரே பார்த்தாள். "மறுமொழி வருமா, ஐயா? காக்கா சொல்றதையும் லெப்பை சொல்றதையும் நான் நம்பல்ல. அவங்களுக்கு அந்த ஊரைத் தெரியாது. நீங்க அறிஞ்சவர். நீங்க சொன்னாக் கேக்கிறன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது, தங்கச்சி, இன்னொன்று எழுதுவோம், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பெத்திசம் பாக்கியரத்தினம் இரண்டு கதிரையைப் பார்த்து இரண்டு ஆள் என்று நினைத்த மடையன் என்று ஒரு குறிஞ்சாக்கேணிப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் தட்டச்சு யந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.

"வராது, தங்கச்சி," என்றேன். "இவ்வளவு நாளும் வராதது இனி வராது. காக்கா சொல்றதைக் கேளுங்கோ."

அவள் அழவில்லை. மேசையிலிருந்த தாதியின் கடிதத்தை எடுத்து மடித்தாள். ஓட்டை விழுந்த இடத்தில் மடிப்புச் சரியாக வரவில்லை. மறுபடியும் மடித்துக்கொண்டு போனாள். பெப்ரவரி முதல் கிழமையிலேயே இத்தாவில் இருந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். ஊர் காலியாகிவிட்டது. நானும் யந்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு, நிலாவெளியில் தங்கை வீட்டுக்கு ஓடினேன். சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தபோது ஜூன் நடுப்பகுதி. நான் திரும்பி வந்த மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை காலையில், தபால்காரர் தடித்த உறையொன்றைக் கொண்டுவந்து தந்தார். டப்ளின் முத்திரை. அவசரமாகப் பிரித்ததில் உறையோடு கடிதத்தின் ஓரமும் கிழிந்தது.

உள்ளே மூன்று காகிதம். முதலாவது மார்ச் மாதம் எழுதிய அரசாங்கக் கடிதம்: ஜவாஹிர் உயிரோடு இருக்கிறார், கைகள் ஆறி வருகின்றன, கொம்பனியின் பட்டியலில் பெயர் தவறவிடப்பட்டிருக்கிறது, பிரயாணத்துக்கு வழி கிடைத்ததும் அனுப்பி வைக்கப்படுவார். இரண்டாவது, அங்கே ஒரு கிளாக்கர் கையால் எழுதிச் செருகிய துண்டு. 'உங்கள் முதல் மனு ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்கு அலைந்துகொண்டிருந்தது. மந்திரிமார் மாறுவதில் எங்களுக்கே தலை சுற்றுகிறது, உங்களைக் குறைசொல்ல முடியாது. இரண்டாவது மனுவை நான் மந்திரிக்குக் காட்டவில்லை. வாசித்து நானும் என் கூட்டாளியும் நன்றாகச் சிரித்தோம். அது வந்ததால்தான் முதலாவதைத் தேடி எடுத்தேன்.'

மந்திரி அதைக் காணவே இல்லை. நான் வெட்கத்தில் செத்தது ஒரு கிளாக்கனுடைய சிரிப்புக்காக.

மூன்றாவது தாளை வாசித்தேன். உடனே வீரசிங்கத்தின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குத் தோணி ஏறும் கிண்ணியாத் துறைக்கு மிதித்தேன். அன்றைக்குப் பார்த்துத் தோணி அக்கரையில். தோணிக்காரனை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஸெய்னுதீன் வீட்டு வாசலில் புதுப் பந்தல். இத்தா முடிந்து இரண்டு நாள், வெள்ளிக்கிழமை நிக்காஹ். என்னைக் கண்டதும் ஸெய்னுதீன் கல்யாணத்துக்கு வந்தவனை வரவேற்பது போலக் கதிரையை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"ஜவாஹிர் இருக்கிறான். உயிரோட இருக்கிறான்," என்று நின்றபடியே கத்தினேன்.

குசினியிலிருந்து ஸுல்பிகா வந்தாள். மெலிந்திருந்தாள். மார்ச்சில் எழுதிய கடிதம் என்று சொல்லி, அதைத் தமிழில் வாசித்தேன். ஸெய்னுதீன், "யா அல்லாஹ்" என்றபடி அந்தக் கதிரையில் தானே குந்திவிட்டான். பிறகு எழும்பிப் போய், யாரும் சொல்லாமலே பந்தல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

மூன்றாவது தாளை அவள் கேட்டாள். அது ஜவாஹிர் சொல்லத் தாதி எழுதியது; அடியில் அவனுடைய வெந்த பெருவிரலின் அடையாளம். வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் விடவில்லை. வாசித்தேன்.

'கப்பல் தாண்ட செய்தி உனக்கு வந்திருக்கும். நான் மௌத்தென்று ஊரில் கதைப்பார்கள். ஆர் சொன்னாலும் ஸுல்பிகா நம்ப மாட்டாள் என்று இங்கே தாதிக்குச் சொன்னனான்.'

ஸுல்பிகா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தத் தாளில் எழுத்தை விட்டுவிட்டு விரல் அடையாளத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

"மறுமொழி வராதெண்டு ஏன் சொன்னீங்க, ஐயா?"

சொன்னேன். இரண்டு பட்டியல், கதிரை மாற்றம், ஒரே ஆளிடம் அதே ஆளைப் பற்றி எழுதியது, வெட்கம், எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கியிராது. எனக்கே இன்றுவரை முழுக்க விளங்கவில்லை. ஆனால் வெட்கம் என்ற சொல் அவளுக்கு விளங்கியது.

"அப்ப உங்கட வெக்கத்துக்குத்தான் நான் என்ர மாப்பிள்ளைய நாலு மாசமும் பத்து நாளும் மௌத்தாக்கி வச்சிருந்தனான்," என்றாள்.

டப்ளின் உறையை மடித்து அவள் பக்கம் வைத்தேன்.

"கடதாசி இருக்கா?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து தாளும் பேனையும் எடுத்தேன்.

"அவருக்கு எழுதுங்க. நீங்க தாதிக்குச் சொன்னது பிழை. நான் நம்பிட்டன். இத்தா இருந்தனான். வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ் வச்சிருந்தாங்க, அதுக்கும் ஓமெண்டு சொன்னனான். இதக் கேட்ட பிறகும் வர விருப்பமெண்டா வாங்க."

"தங்கச்சி, அது வேண்டாம். சுகமெண்டு மட்டும் எழுதுவம். அவனுக்கு ஏன்..."

"எழுதுங்க, ஐயா."

அவள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதினேன். பெருவிரலில் மை தொட்டு அவள் அடையாளம் வைத்தாள். நான் மடிக்கப் போனபோது தடுத்தாள்.

"ஆர் சொல்லி நம்பினனெண்டு இன்னும் எழுதல்லயே. அதையும் எழுதுங்க."

என் பெயரை எழுதினேன்.