மைனஸ் நாற்பத்திரண்டு கிராம்

மூன்றாம் துளையில் நாலு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணின் எடை மைனஸ் நாற்பத்திரண்டு கிராம். வெறும் ஜாடி முந்நூறு கிராம் இருந்தது. மண்ணை நிரப்பி மூடிய பிறகு அதே ஜாடி இருநூற்று ஐம்பத்தெட்டு கிராம் இருந்தது. தராசைத் துடைத்தார்கள், அணைத்துப் போட்டார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள், பக்கத்து மருந்துக்கடையிலிருந்து இன்னொரு தராசை இரவல் வாங்கி வந்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. உற்றுப் பார்த்தால் மண் ஜாடியின் அடியில் கிடக்கவில்லை, மூடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக ஜாடி கழுவி எடை போட்டுவந்த பெரியவர் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, முடிவுத்தாளில் மூன்றாம் துளைக்கு நேராக 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று எழுதினார். அவர் எழுதியது பொய் என்றும் சொல்ல முடியாது. கருவியின் கண்ணுக்கே தெரியாத அளவு விஷம் குறைவாக இருந்தால் அப்படித்தான் எழுதுவது வழக்கம். பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதும் கீழேதானே.

அந்தத் தாள், எல்லாரும் மண் மேடம் என்று கூப்பிடுகிறவளின் மேசைக்கு வந்தது. ஓரிடத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்பும் முன் தரையைத் துளைத்துப் பார்த்து, முன்னால் இருந்தவர்கள் எதை எதை அங்கே ஊற்றிவிட்டுப் போனார்கள் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அவள் கையெழுத்து விழாமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாது. பதினேழு வருடத்தில் பழைய எண்ணெய், ஈயம், சாயக்கழிவு, பேட்டரித் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மண் மேடம் என்பதே நிலைத்துப்போய், சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து அவள் பாட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் இந்த இடத்தில் மட்டும் அவளுக்குச் சொந்தப் பாடு ஒன்று இருந்தது. இரண்டு வருடம் முன்புவரை அங்கே ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று நின்றது. அதில் இரண்டாம் மாடியில் அவளுடைய அக்கா குடியிருந்தாள். பழசாகிவிட்டது, இடித்துப் பெரிதாகக் கட்டித் தருகிறோம், ஆறே மாதம் என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினார்கள். அக்காவும் அத்தானும் இரண்டு பெண்களும் முப்பத்தோரு அட்டைப்பெட்டிகளும் மண் மேடத்தின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதம் நாலு முறை முடிந்துவிட்டது. மண் மேடம் குளியலறைக்கு வரிசையில் நின்றாள், அறிக்கைகளை இஸ்திரி மேசையில் வைத்து எழுதினாள், தூங்கும்போது கால் நீட்டினால் ஏதாவது ஒரு பெட்டியை உதைத்தாள். அக்கா மேல் அவளுக்கு உயிர். ஆனால் உயிரும் ஒரு நாலு தெரு தள்ளி இருந்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அதைவிட மோசம், அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு காலத்தில் டீ குடிக்கும்போது சிரித்து மூக்கு வழியாக டீ வரவைத்துக்கொண்டவள், இப்போது முட்டியைத் தடவிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தினமும் காலையில் ஒரே கேள்வி கேட்டாள்.

"என்னடி ஆச்சு உன் மண்ணு?"

ஆய்வுக்கூடத்துக்காரர் எழுதியதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே வேலை தொடங்கும், பெட்டிகள் போகும், அக்காவுக்கு வீடு வரும். மைனஸ் என்று எழுதினால் எப்போது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

மண் மேடம் பழைய வரைபடங்களும் உரிமப் பதிவேடுகளும் அடுக்கிய அலுவலகத்தில் மூன்று நாள் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடியிருப்புக்கு முன்னால் அந்த இடத்தில் எடைக்கல் வார்க்கும் தொழிற்சாலை இருந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் அங்கே வார்த்த ஒரு கல்லும் சரியான எடை இல்லை. கிலோவுக்குக் கொஞ்சம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் என்று குறைத்தே வார்த்தார்கள். அது ஊரறிந்த ரகசியம். ஊர்க் கடைகளில் எல்லாம் அப்படிக் குறைந்த குறை எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும். அது தொழிற்சாலை முற்றத்திலேயே இறங்கியிருக்கிறது. முற்றத்தில் மேய்ந்த கோழிகள் மேலே போய்த் திரும்பி இறங்காததால், முதலாளி ஒன்றரை மீட்டர் கனத்துக்குக் களிமண் கொட்டி, மிதித்து, மூடிவிட்டார் என்று பதிவேட்டில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் இரண்டு வரியில் குறித்திருந்தார். பிறகு குடியிருப்பு வந்தது. முப்பது வருடம் அங்கே இருந்த லிஃப்டுக்குக் கீழே இறங்கத்தான் மின்சாரம் தேவைப்பட்டது. மேலே அது தானாகப் போயிற்று. குடியிருந்தவர்கள் நல்ல கம்பெனி லிஃப்ட் என்று சொல்லிக்கொண்டார்கள்.

களிமண்ணைத் துளைக்கும்போது கீழே அடைந்து கிடப்பது மேலே வராமலிருக்க இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டே போக வேண்டும், வேலை முடிந்ததும் காய்ந்த களிமண் உருண்டைகளைப் போட்டுச் சிமெண்டால் அடைக்க வேண்டும். துளை போடுகிறவர்களுக்கு இது தூக்கத்திலும் தெரியும். இந்த இடத்தில் துளை போட்டவர் தன் கல்யாணப் படத்தில்கூட உர்ரென்று நிற்கிற ஆள். மூன்றாம் துளை களிமண்ணைத் தாண்டியதும் அவருக்கு விசிலடிக்கத் தோன்றியது. பிறகு நாலு மீட்டர் மண்ணை எடுத்து அனுப்பிவிட்டு, இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். குழாயும் இல்லை, அடைப்பும் இல்லை. துளை பதினோரு நாள் திறந்தே கிடந்தது.

அந்தப் பதினோரு நாளில் தெரு லேசாகிவிட்டது. சிலிண்டர் போடுகிறவர் தோளுக்கு இரண்டாக நாலு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். தக்காளி வாங்கினால் கிலோவுக்கு ஒரு கூடை வந்தது. காய்கறிக்கடைக்காரர் முதல் நாள் தலையில் கைவைத்தார், இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தார். பன்னிரண்டு வருடமாகச் சுவர்த் தகராறில் பேசாமல் இருந்த தையல்காரரும் கண்ணாடிக்கடைக்காரரும் ஒரே நேரத்தில் தும்மி, ஒரே சமயத்தில் சுவர் உயரத்துக்குப் போய், அங்கே முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டதில் வேறு வழியில்லாமல் சமாதானமானார்கள். வங்கிக்காரர்கள் காகிதங்களின் மேல் ஆளுக்கொரு செருப்பை வைத்து வேலை பார்த்தார்கள். மழை பெய்தால் தெருவுக்குள் மட்டும் துளிகள் நிதானமாக, இடம் பார்த்து இறங்கின. குடை வைத்திருந்தவர்கள் குடையை விட்டுவிட வேண்டியிருந்தது. யாருக்கும் கால் தரையில் நிலையாக நிற்கவில்லை, ஆனால் விழுந்தவர்கள் ஒருவரும் இல்லை.

கட்டுமான நிறுவனத்து மேலாளர் முதலில் அந்த மண்ணைத் தோண்டி வெளியே கொட்டிவிடலாம் என்றார். எல்லா இடத்திலும் செய்வதுதான். ஒரு லாரி ஏற்றி அனுப்பினார்கள். பாரம் ஏற ஏற லாரி லேசாகி, எடை மேடையில் வெறும் லாரியைவிட ஒன்றரை டன் குறைவாகக் காட்டியது. குப்பைக் கிடங்கு வாசலில் இருந்தவர், எடையில்லாத சரக்குக்கு ரசீது போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஓட்டுநர் திரும்பி வந்தபோது, வழியில் மேம்பாலத்தில் ஏறினேனா இல்லை அதைத் தாண்டினேனா என்று தனக்கே தெரியவில்லை என்றார். அதன் பிறகுதான் மேலாளர் மண் மேடத்தின் அலுவலகத்துக்கு வந்தார். காலணியில் அந்த மண் ஒட்டியிருந்ததால் நாற்காலியில் உட்காருவதற்கு அவர் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்ல. லேப்ல எழுதினதை அப்படியே விட்டுடுங்க. நீங்க பொய் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்."

"என் வேலையில சும்மா இருக்கறதுதான் சார் பெரிய பொய்."

"உங்க அக்காவுக்கும் அங்கதானே வீடு?"

அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, எனக்கு அந்த இடத்தை ஒரு தரம் காட்டு என்றாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனார்கள். கேட்டிலிருந்து மூன்றாம் துளைவரை அக்கா நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். துளைக்குப் பத்தடி இருக்கும்போது செருப்பு இரண்டும் தரையில் நின்றுவிட்டன, அக்கா நிற்கவில்லை. ஒரு சாண் உயரத்தில், இரண்டு காலையும் தொங்கவிட்டபடி, அவள் கீழே பார்த்தாள்.

"ஏய், என் முட்டி வலிக்கலடி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் சின்னதாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு கண்ணில் நீர் வழிய. மண் மேடம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தவளும் எழும்பினாள். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இதையா தோண்டி எறியப் போறாங்க?" என்றாள் அக்கா.

"இது மேல கட்டடம் நிக்காதுக்கா. தூக்கிடும்."

"தூக்குற அளவுக்கு அமுக்கற மாதிரி கட்டச் சொல்லு. இவ்வளவு படிச்சிருக்கியே, இது தெரியாதா உனக்கு?"

அன்று மத்தியானமே மண் மேடம் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்பதை அடித்துவிட்டு, மைனஸ் நாற்பத்திரண்டு கிராம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். பதினோரு நாளாகத் திறந்து கிடந்த துளையையும் தற்காலிகமாக அடைக்கச் சொன்னாள். மாசு வாரியத்தில் ஆறு மாதம் அதைப் புரட்டினார்கள். அவர்களுடைய பட்டியலில் ஈயத்துக்கு வரம்பு இருந்தது, எண்ணெய்க்கு இருந்தது, இதற்கு இல்லை. கடைசியில் அதிகாரி இடத்தைப் பார்வையிட வந்தார், அடைப்பை எடுக்கச் சொல்லித் துளைக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் பார்வையிட்டார், திரும்பிப் போய்ப் பட்டியலில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தார். துளையைச் சின்னதாக்கி ஒரு மூடி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட அனுமதி உண்டு. தரை மேலே தள்ளுகிற பாரத்தை மண் மேடம் கிலோ சுத்தமாகக் கணக்கிட்டாள். எட்டு மாடி, இன்ன கனத்துச் சுவர், இத்தனை தொட்டித் தண்ணீர் என்று ஈடு வந்தது. மிச்சம் இருந்தது குடியிருப்பவர்களின் எடை. நூற்றுப் பதினாறு பேருக்கும் படிவம் கொடுத்து, அங்கேயே அந்த இடத்தில் வைத்து எழுதி வாங்கினாள். எடையைக் கேட்டால் மனிதர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தலைக்கு அரைக் கிலோ கூட்டிக்கொண்டாள். இதுதான் அவள் செய்த தவறு.

கட்டி முடிக்க மூன்று வருடமாயிற்று. மறுபடி சிரிக்கிற அக்கா வீட்டில் இருந்ததால் அது எப்படிப் போனது என்று மண் மேடத்துக்குத் தெரியவில்லை. அவள் சிரிப்பு நின்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவாள். பிறகு ஒரு நாள் முப்பத்தோரு பெட்டிகளும் போயின. மண் மேடம் முதல் நாள் வரிசை இல்லாத குளியலறையில் ஒரு மணி நேரம் குளித்தாள். இரண்டாம் நாள் நட்ட நடு அறையில் காலை நீட்டிப் படுத்தாள். மூன்றாம் நாள் நீட்டிய கால் எதிலும் இடிக்காததால் தூக்கம் வரவில்லை.

எட்டு மாடிக் கட்டடம் நாலு மூலையிலும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பக் கிளம்ப அது ஒரு சாண் உயரும், சாயங்காலம் ஒவ்வொருவராக வர வர இறங்கும். கடைசி ஆள் உள்ளே வந்ததும் தரையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. நூற்றுப் பதினாறு பேரும் வீட்டில் இருந்தாலும் ஒரு விரற்கடை மிதந்தது. காற்றடித்தால் பாத்திரங்கள் பேசிக்கொண்டன. மண் மேடம் படிவங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அந்தத் தரையில் மிதந்துகொண்டு எழுதிய ஜனங்கள், உடம்பின் கனம் ஒரு பொருட்டாகவே தோன்றாத அந்த நேரத்தில், ஒருத்தர் விடாமல் உண்மையை எழுதியிருந்தார்கள். அவள் கூட்டிய அரைக் கிலோக்கள் அத்தனையும் ஆளில்லாத எடை. மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"அம்பத்தெட்டு கிலோ குறையுதாமே."

"ரெண்டு மணல் மூட்டை வைக்கச் சொல்லியிருக்கேன்க்கா. சரியாயிடும்."

"மணல் மூட்டை என்கூட உக்காந்து டீ குடிக்குமா?" அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன் எடை என்னடி?"

"அம்பத்தஞ்சு."

"ஊருக்கெல்லாம் உண்மை எழுதிக் கொடுப்பே, அக்காகிட்ட மட்டும் மூணு கிலோ முழுங்குவியா?"

மண் மேடம் ஐம்பத்தெட்டுதான் என்று ஒப்புக்கொண்டாள். பையில் துணி எடுத்து வைக்கப் போனவளை, கணக்கு கெட்டுப்போகும், என் துணியைப் போட்டுக்கோ என்று அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டடம் விரற்கடை உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பின்னால் மண் மேடம் உள்ளே கால் வைத்ததும் எட்டு மாடியும் சத்தமில்லாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, யாருங்க வந்தது என்று கேட்டார்கள். தங்கச்சி, என்றாள் அக்கா. சரி என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.